முதல் வரைவு அலங்கோலமாகவே இருக்கட்டும்

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது, திரையில் இருப்பது நாலே வரி. அந்த நாலு வரியை எத்தனை முறை மாற்றினீர்கள் என்று உங்களுக்கே கணக்குத் தெரியாது. 'நினைவு' என்று எழுதி, அதை 'ஞாபகம்' ஆக்கி, ஞாபகம் கொஞ்சம் பேச்சு மாதிரி இருக்கிறதே என்று மறுபடி 'நினைவு' ஆக்கி, கடைசியில் அந்த வரியே வேண்டாம் என்று அழித்துவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள். மறுநாளும் அதே நாலு வரி, அதே சண்டை. சொல்ல வந்த விஷயம் மட்டும் மனசுக்குள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எத்தனையோ கட்டுரைகளும் கதைகளும் இப்படி முதல் பத்தியிலேயே நின்றுபோகின்றன. நிறைய வாசிப்பவர்களுக்கு, நல்ல வரி எது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது என்பது நான் கவனித்தது. வாசித்து வாசித்துக் காது பழகிவிட்டது, கை இன்னும் அந்த அளவுக்குப் பழகவில்லை. எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அந்தக் காது கேட்டுவிட்டு 'இது சரியில்லை' என்கிறது. சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் சொல்கிற நேரம் தப்பு.

எழுதுவது ஒரு வேலை, திருத்துவது வேறு வேலை. இரண்டும் வேண்டும், ஒரே நேரத்தில் வேண்டாம். 1981-இல் லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எழுதுகிறவர்களை எழுதும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யோசிப்பது, யோசித்ததை வார்த்தையாக்குவது, எழுதியதைச் சரிபார்ப்பது மூன்றும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று வரிசையாக வருவதில்லை, சரிபார்ப்பது எந்த நேரத்திலும் குறுக்கே புகுந்து மற்றதை நிறுத்தும் என்பது அவர்கள் கண்ட விஷயங்களில் ஒன்று. அதாவது நாலு வரியில் நின்றுபோவது உங்கள் சோம்பலும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. மனசு வேலை செய்கிற விதமே அப்படி. சரிபார்க்கிற ஆள் தானாக விலகமாட்டார், நாம்தான் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவைக்க வேண்டும்.

பரவாயில்லை என்று விடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்

'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது' என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அடித்து எழுதினால் மதிப்பெண் குறையும், கையெழுத்து கோணினால் திட்டு விழும். பரீட்சைத் தாளுக்கும் பத்திரத்துக்கும் அது சரியான விதி. ஆனால் அந்த விதி நம்மோடு கூடவே வந்து, யாருமே கேட்காத இடத்திலும், ராத்திரி தனியாக உட்கார்ந்து எழுதுகிற பக்கத்திலும் காவல் நிற்கிறது.

அதே பள்ளியில் ரஃப் நோட்டு என்று ஒன்றும் இருந்தது. அதை யாரும் திருத்துவதற்கு வாங்கியதில்லை. பாதிக் கணக்கு, அடித்த கணக்கு, ஓரத்தில் ஒரு படம், நடுவில் யாரோ கேட்ட கேள்வி, கடைசிப் பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல் எல்லாம் அதில் இருக்கும், அதைப் பற்றி ஒருநாளும் நாம் வெட்கப்பட்டதில்லை. யோசித்துப் பாருங்கள், கணக்கு வந்தது ரஃப் நோட்டில்தான். ஃபேர் நோட்டில் ஏறியது வந்து முடிந்த விடை மட்டுமே.

முதல் வரைவு ரஃப் நோட்டு. அதில் ஃபேர் நோட்டை எதிர்பார்ப்பதுதான் நம்மை நிறுத்துகிறது.

ஒரு சைக்கிளைப் பற்றி எழுதிய கதை

அப்பா இறந்து சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய சைக்கிளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுத நினைத்தேன். மூன்று வாரம் முதல் பத்தியிலேயே கிடந்தேன். 'சில பொருட்கள் மனிதர்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றன' என்று ஒரு வரி, அதை எப்படி மாற்றிப் போட்டாலும் அப்பா அதற்குள் வரவில்லை. கடைசியில் ஒருநாள், நன்றாக எழுத வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி கையில் வந்ததை எழுதினேன். அது இப்படி இருந்தது:

'அப்பா சைக்கிள். பச்சைன்னு ஞாபகம், இல்ல கறுப்பா, அம்மாகிட்ட கேக்கணும். சீட்டு கிழிஞ்சிருக்கும், மேல ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டியிருப்பார். இது வேணாம் போர் அடிக்குது. தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி டயரை அமுக்கிப் பாப்பார், கட்டைவிரலால. ஏன் ராத்திரி? காலைல பாத்தா போதாதா. இங்க ஏதோ இருக்கு. பெல் அடிக்காது. காலைல பாத்து காத்து இல்லன்னா அடிக்க நேரம் இருக்காது, எனக்கு ஸ்கூலுக்கு லேட்டாயிடும். அதான். என்னைத்தான ஏத்திட்டுப் போவார்.'

இதை யாருக்கும் காட்ட முடியாது. நிறம் தெரியவில்லை, நடுவில் 'போர் அடிக்குது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெல் எதற்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மூன்று வாரமாக வராத அப்பா இதில் வந்துவிட்டார். கட்டுரையில் கடைசியாக நின்றது இரண்டே வரி: 'இரவு படுக்கப் போகும் முன் அப்பா சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். காலையில் அதில் ஏறப்போவது நான்.' அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக எழுதிக்கொண்டது. அந்த நிறம் என்ன என்று அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை, தேவைப்படவில்லை.

'இங்க ஏதோ இருக்கு' என்ற அந்த மூன்று சொல்லைக் கவனியுங்கள். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே தெரியாது, எழுதும்போதுதான் தெரிந்தது. அழகாக எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் அது தெரிவதற்கு வழியே இல்லை.

சரி, எப்படிச் செய்வது

முதலில், பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள யோசனை எனக்குத் தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நாம் நினைப்பது பேச்சுத் தமிழில். எழுதும்போது 'போயிட்டு வந்தேன்' என்பதை 'சென்றுவிட்டு வந்தேன்' ஆக்குகிறோம், 'இருந்துச்சு' என்பதை 'இருந்தது' ஆக்குகிறோம். நினைப்பு ஒரு பக்கம் ஓட, மொழிமாற்றம் ஒரு பக்கம் நடக்க, அதற்கு மேல் நல்ல வரியாகவும் வர வேண்டும் என்றால் கை நிற்கத்தான் செய்யும். முதல் வரைவில் அந்த மொழிமாற்றத்தை அப்படியே விட்டுவிடுங்கள். நாலு பேரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே வரட்டும். ஆங்கிலச் சொல் வாயில் வந்தால் அதுவும் வரட்டும், 'அந்த ஃபீலிங்' என்றே எழுதுங்கள், அது ஏக்கமா தவிப்பா ஆற்றாமையா என்பதைப் பிறகு பார்க்கலாம். இன்னொரு லாபமும் உண்டு: பேச்சில் எழுதும்போது பொய்யான வரி சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். 'காலம் தன் சுவடுகளைப் பதித்திருந்தது' என்று எந்த மனிதரும் நண்பரிடம் சொல்லமாட்டார், அதனால் அது வரைவுக்குள்ளேயே வராது.

டைப் செய்வதே தடையாக இருந்தால் போனில் குரல் தட்டச்சைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். தப்பும் தவறுமாகத்தான் எழுத்தாக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள், நாள் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாத இடங்கள் இருக்கும்.

அடுத்தது ஒற்று. 'எழுதிப் பார்த்தேன்' என்பதில் ப் வருமா, 'வந்து பார்த்தேன்' என்பதில் ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் நின்றால் போதும், அடுத்த வாக்கியம் மனசைவிட்டுப் போய்விடும். ணகரமா னகரமா, ரகரமா றகரமா என்பதும் அப்படித்தான். முதல் வரைவில் இவை எதற்கும் நிற்காதீர்கள், தப்பாகவே எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் விடமாட்டார்கள், படிக்கிறவர்கள் பொருள் பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். நம்முடைய இலக்கியங்கள் அவ்வளவு தூரம் கடந்து வந்தது அப்படிப்பட்ட எழுத்தில்தான். நீங்கள் எழுதியதை நாளைக்கு நீங்களே படிப்பதற்கு ஒரு ஒற்று இல்லாதது ஒன்றும் செய்யாது. ஒற்றுப்பிழை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது கண்ணில் குத்தும். அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன்: நீக்கப்போகிற பத்தியில் ஒற்று பார்ப்பது வீண் உழைப்பு.

தெரியாத தகவலுக்காகவும் நிற்காதீர்கள். ஒரு வருஷம் ஞாபகம் வரவில்லை, ஒரு பெயர் வரவில்லை என்றால் தேடப் போகிறோம், தேடப் போன இடத்தில் வேறொன்றைப் படிக்கிறோம், திரும்பி வர முக்கால் மணி நேரம். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் இதற்கு டி-கே (TK) என்று இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போவார்கள், 'பிறகு வரும்' என்று அதற்குப் பொருள். அந்த இரண்டு எழுத்தும் ஆங்கிலச் சொற்களில் சேர்ந்து வருவது அபூர்வம், அதனால் கடைசியில் தேடினால் விட்டுப்போன இடமெல்லாம் அகப்படும். நமக்கு அதைவிட வசதி இருக்கிறது: இரண்டு ஆய்த எழுத்து. 'ஃஃ' என்று சேர்ந்து எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராது. 'அவர் ஃஃ வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்' என்று எழுதிவிட்டு நகருங்கள். தகவலுக்கு மட்டும் இல்லை, வராத சொல்லுக்கும் இதையே போடலாம், 'மழை ஃஃ மாதிரி பெய்தது' என்று. திருத்தும்போது பல சமயம் அந்த உவமையே வேண்டாம் என்று தெரியும்.

நேரத்தைக் குறைவாக வையுங்கள். பத்து நிமிடம் போதும். பீட்டர் எல்போ என்ற ஆசிரியர் 1973-இல் இதை ஒரு பயிற்சியாகவே எழுதிவைத்தார்: பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுத வேண்டும், பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, அடிக்கக் கூடாது, ஒன்றும் தோன்றவில்லை என்றால் ஒன்றும் தோன்றவில்லை என்பதையே எழுத வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொன்னார். முதல் மூன்று நான்கு நிமிடம் சப்பென்று இருக்கும், 'என்ன எழுதறதுன்னு தெரியல, என்ன எழுதறதுன்னு தெரியல' என்றே போகும். ஐந்தாவது ஆறாவது நிமிடத்தில்தான் ஏதாவது அசையும். அதற்குள் எழுந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் உருப்படியாக ஒன்று வந்தாக வேண்டும் என்ற பாரமும் கூடவே வரும், பத்து நிமிடத்திடம் யாரும் அவ்வளவு எதிர்பார்க்கமாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்று குழம்பினால் நடுவில் தொடங்குங்கள். முதல் வரி என்பது கட்டுரை முடிந்த பிறகு எழுத வேண்டியது.

கைக்கும் கொஞ்சம் உதவி செய்யுங்கள்

அலங்கோலமாக எழுதலாம் என்று மனசுக்குச் சொன்னால் மட்டும் போதாது, மனசு கேட்காது. கருவியையும் மாற்ற வேண்டும். பேக்ஸ்பேஸ்தான் முதல் எதிரி. கணினியில் எழுதினால் சிவப்புக் கோடு போடும் பிழைதிருத்தியை நிறுத்திவிடுங்கள், தமிழுக்கு அது சரியான சொல்லுக்கும் கோடு போடும், ஒவ்வொரு கோடும் ஓர் இழுப்பு. ஃபைலுக்குக் கட்டுரையின் பெயரை வைக்காதீர்கள். நான் 'ரஃப் 1', 'ரஃப் 2' என்றுதான் வைக்கிறேன். தலைப்பு வைத்த உடனே அது கட்டுரையாகிவிடுகிறது, கட்டுரையானதும் பயம் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் செய்தும் கை நின்றால் பேனாவுக்குப் போங்கள். பேனாவில் அழிக்க முடியாது, அடிக்கத்தான் முடியும். அடிப்பதையும் ஒரே கோட்டில் அடியுங்கள், கீழே இருப்பது படிக்கும்படி. மை பூசி மறைக்க வேண்டாம், ஏனென்றால் முதலில் எழுதி அடித்த சொல்தான் சரி என்று இரண்டு நாள் கழித்துத் தெரிவது அடிக்கடி நடக்கும். நல்ல நோட்டு, தடித்த அட்டை, கோடு போட்ட வழவழப்பான தாள் இதற்கு ஆகாது. அந்தத் தாளைப் பார்த்தாலே கையெழுத்து அழகாக வர வேண்டும் என்று தோன்றும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளின் பின்பக்கம்தான் எனக்குச் சரிப்பட்டது. ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திய தாள் என்பதால் கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை.

இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன்: முதல் வரைவை யாருக்கும் காட்டாதீர்கள். உயிர்த்தோழிக்கும் கூடாது, கணவருக்கும் மனைவிக்கும் கூடாது, நன்றாக எழுதுகிற அண்ணனுக்கு நிச்சயமாகக் கூடாது. அவர்கள் குறை சொல்வார்கள் என்பதற்காக இல்லை. 'நல்லா இருக்கு' என்றாலும் கெடுதல்தான். ஒருவர் படித்துவிட்டார் என்றதும் அடுத்த வரியை அவருக்காக எழுதத் தொடங்குவீர்கள், அவருக்குப் பிடித்த அந்த ஒரு வரியை, கட்டுரைக்கு அது வேண்டாம் என்று தெரிந்த பிறகும், எடுக்க மனசு வராது. யாரும் பார்க்கப்போவதில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் கை அவிழும். காட்டுவதற்கு இரண்டாவது வரைவு இருக்கிறது, மூன்றாவது இருக்கிறது.

அப்புறம் திருத்துவது

எழுதிய அன்றே திருத்தாதீர்கள், ஒரு ராத்திரியாவது போகட்டும். மறுநாள் எடுத்தால் முதல் பார்வையில் மனசு சோர்ந்துபோகும். இவ்வளவு மோசமாகவா எழுதினோம் என்று இருக்கும். அது எல்லோருக்கும் வருவது, பத்து வருஷம் எழுதியவர்களுக்கும் வரும். அப்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: எதையும் மாற்றாமல் முழுவதும் படித்து, உயிருள்ள இடங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். தப்பைத் தேடவேண்டாம். எந்த வரியைப் படிக்கும்போது நீங்களே ஒரு கணம் நிமிர்ந்தீர்களோ அந்த வரி. இரண்டு பக்கத்தில் மூன்று வரி தேறினால் அது நல்ல வரைவு.

பிறகு புது ஃபைல் திறந்து, அந்த மூன்று வரியை மேலே வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதுங்கள். பழையதை வெட்டி ஒட்டி ஒப்பேற்றப் பார்த்தால் அலங்கோலத்தின் வடிவம் அப்படியே தங்கிவிடும். புதிதாக எழுதும்போது பேச்சுத் தமிழ் தானாகவே எழுத்துத் தமிழுக்குக் கொஞ்சம் நகரும், அந்தச் சூடும் மிச்சம் இருக்கும். எதை முதலில் சரிசெய்வது என்பதிலும் ஒரு முறை உண்டு: என்ன சொல்கிறோம், எந்த வரிசையில் சொல்கிறோம் என்பது முதலில், வாக்கியம் அதற்குப் பிறகு, ஃஃ போட்ட இடங்களை நிரப்புவது அதற்கும் பிறகு, ஒற்றும் எழுத்துப்பிழையும் கடைசி. முடிந்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம், ஏன் என்று இலக்கணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு எத்தனை முறை ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எர்னஸ்ட் ஹெமிங்வே 1958-இல் வந்த ஒரு பேட்டியில், தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாகச் சொன்னார். எண் முக்கியமில்லை. அவ்வளவு பெரிய பெயருக்கும் முதல் முறையில் வரவில்லை என்பதை நான் சோர்ந்திருக்கும் நாட்களில் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அலங்கோலமாக எழுதலாம் என்பதை அலங்கோலமாக வெளியிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருத்துவதற்கு நேரம் ஒதுக்காமல் முதல் வரைவையே பதிவிடுவது வாசிப்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்வது. நாளை காலை தர வேண்டிய கட்டுரை என்றால் இன்று மாலையே வரைவை முடித்துவிடுங்கள், இடையில் ஒரு தூக்கம் இருக்கும்படி. இன்னொன்று, எல்லோருக்கும் இந்த வழி ஒத்துவரும் என்றும் இல்லை. நடக்கும்போதே தலைக்குள் முழுதாக எழுதி முடித்துவிட்டு, தாளில் ஒரே மூச்சில் இறக்கிவைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய அலங்கோலம் தலைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. உங்களுக்கு அது கைவருகிறது என்றால் அதையே செய்யுங்கள். நாலு வரியில் நின்றுபோகிறவர்களுக்குத்தான் நான் சொல்வதெல்லாம்.

வேலை முடிந்த பிறகு வரைவுகளைத் தூக்கிப்போடாதீர்கள். ரஃப் 1, ரஃப் 2 எல்லாம் ஒரு ஃபோல்டரில் கிடக்கட்டும். சைக்கிள் கட்டுரையின் வரைவில் 'இது வேணாம் போர் அடிக்குது' என்று நான் தள்ளிவைத்த அந்த பிளாஸ்டிக் கவர், இரண்டு வருஷம் கழித்து மழையைப் பற்றி வேறொன்று எழுதத் திணறிக்கொண்டிருந்தபோது அந்த ஃபோல்டரில் கண்ணில் பட்டது. தான் நனைந்தாலும் சீட்டு நனையக் கூடாது என்று ஒருவர் ஏன் அதைக் கட்டினார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். புதுக் கட்டுரை அந்தக் கவரிலிருந்து தொடங்கியது.